தப்பான நாளில் ஏறிய கொடி

அத்தியாயம் ஏழு

"மூணு வார்த்தைக்காகவா சீஃப் இவ்வளவு தூரம்?" என்றான் யோரிட். தூறலில் வைப்பர் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டு அடுத்த தடவைக்கு யோசித்துக்கொண்டிருந்தது. "வார்த்தைக்கு இவ்வளவுன்னு கூலி பேசியிருந்தா நாம ரெண்டு பேரும் இந்நேரம் பட்டினி."

டெக்லா ஹாவர்கோர்ட் நிமிரவில்லை. மடியில் இருந்த புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியால் மேய்ந்துகொண்டிருந்தார். டென் ஹாக் நகரத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். எதையும் பிரித்துப் பார்த்து, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் திரும்ப மூடமாட்டார். அலுவலகத்தின் சுவர்க் கடிகாரம் நிற்பதற்கும் அதுதான் காரணம் என்பது அவருடைய உதவியாளன் யோரிட்டின் கட்சி.

அந்த மூன்று வார்த்தைகள்: 'படத்தின் தேதியைத் திரித்தவர்.' நாளைக் காலைப் பத்திரிகையில் லாம்மர்ட் ஃபேன்ஸ்ட்ராவின் மரணச் செய்தியில், அவருடைய பெயருக்குப் பக்கத்திலேயே வரப்போகின்றன. ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனவர். வெள்ளிக்கிழமை அடக்கம். மகள் ஹில்கா நேற்று அலுவலகத்துக்கு வந்து அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா பெரிய ஆள்னு யாரும் எழுத வேண்டாம். அந்த வரி மட்டும் இல்லாம இருந்தா போதும். இன்னைக்கோ நாளைக்கோ ஆதாரம் கொண்டு வந்தா எடுத்துடறேன்னு ஆசிரியர் சொல்றார். புதன்கிழமை சாயங்காலம் பக்கம் முடிஞ்சுடும்."

அந்தப் புதன்கிழமை இன்றுதான்.

லாம்மர்ட் ஒரு சின்ன ஊரின் நகரசபைக் கூட்டங்களை எழுதித் தொழிலைத் தொடங்கியவர். பிறகு பாராளுமன்ற முற்றத்துக்கு வந்தார். மற்ற அரசியல் நிருபர்கள் அமைச்சர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் அமைச்சர்களுக்காகக் காத்திருப்பவர்களோடு மழையில் நின்றார். கார் ஓட்டுநர்கள், வாயிற்காவலர்கள், கோப்பு தூக்குகிறவர்கள். அங்கிருந்துதான் அவருடைய செய்திகள் வந்தன. ஏழைகளுக்கு வீடு கட்டும் பணத்தில் ஒருவர் குதிரை வாங்கிய கதை அவர் எழுதியது. ஒருமுறை நீதிமன்றம், செய்தி தந்தவரின் பெயரைச் சொல் என்றது. சொல்லாமல் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் நேராக மீன் வண்டிக்குப் போய், நறுக்கிய வெங்காயத்தோடு ஒரு ஹெரிங் மீனைத் தின்றுவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

அப்படிப்பட்டவரை ஒரு புகைப்படம் கவிழ்த்தது.

"மறுபடி சொல்லுங்க சீஃப். நீங்க வாய்விட்டுச் சொன்னாதான் உங்களுக்கே விடை வரும். எனக்கும் தூக்கம் வராது."

"கேளு. பதினோரு வருஷம் முன்னாடி, 2014. கடல் அணைக்குக் கல் பதிக்கிற ஒப்பந்தம். அதை யாருக்குக் கொடுக்கறதுன்னு முடிவாக ஒரு வாரம் இருக்கறப்போ, அமைச்சர் ரகசியமா ஒப்பந்தக்காரர் வீட்டுக்குப் போனார்னு லாம்மர்ட் எழுதினார். ஏப்ரல் முப்பதாம் தேதி. ஆதாரம் இந்தப் படம்."

படத்தில் ஒரு வரிசை வீட்டின் வாசல். கதவுக்குள் நுழையும் அமைச்சர், அவர் தோளில் கை போட்டிருக்கும் ஒப்பந்தக்காரர். ஒரு மூலையில் ஒரு கொடியின் நுனியும், அதோடு தொங்கும் நீண்ட ஆரஞ்சு நாடாவும்.

"அமைச்சர் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னார். 'போனது நிஜம். ஆனா அது அதுக்கு முந்தின வருஷம், ராணி பிறந்தநாள் கொண்டாட்டத்தப்போ. அப்போ நான் அமைச்சரே இல்ல. கொடியில ஆரஞ்சு நாடா தொங்குது பாருங்க.' அவ்வளவுதான். அரச குடும்பத்துப் பிறந்தநாளுக்குத்தானே அந்த நாடாவைக் கட்டுவோம்? அதே தேதிதான், ஆனா வருஷம் வேறன்னு ஆகிப்போச்சு."

"ராணிக்கப்புறம் ராஜா வந்து, 2014லேர்ந்து கொண்டாட்டம் சில நாள் முன்னாடி போயிடுச்சே. எங்க சித்தப்பா அந்த வருஷம் ஏப்ரல் முப்பது ஆரஞ்சு கிரீடம் வெச்சுக்கிட்டு பேங்க் வாசல்ல நின்னார். பேங்க்காரங்க கொள்ளைக்காரன்னு..."

யோரிட் பாதியில் நிறுத்தினான். டெக்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல சொல்லு."

"சித்தப்பாவைப் பத்தியா?"

"உங்க சித்தப்பா தப்பான நாள்ல கொண்டாடினார். இன்னொருத்தர் தப்பான நாள்ல கொடி ஏத்தியிருக்கக்கூடாதா?"

கார் சிக்னலில் நின்றது. பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்கும்வரை யோரிட் நகரவில்லை.

"அது ஊகம் சீஃப். ஆசிரியர் ஒத்துக்க மாட்டார்."

"இது ஊகம் இல்ல." டெக்லா பூதக்கண்ணாடியைப் படத்தின் கீழ் விளிம்பில் வைத்தார். "எதிர் நடைபாதை ஓரத்துல என்ன தெரியுது?"

"குப்பைத் தொட்டிங்க. வரிசையா, சாம்பல் நிறம்."

"வீட்டுக்குள்ள இருக்கற தொட்டியை எப்போ தெருவோரம் கொண்டு வந்து வைப்போம்?"

"லாரி வர்ற நாள்ல." யோரிட் விசில் அடித்தான். "அரசு விடுமுறை அன்னைக்கு லாரி வராது."

"வராது. அதுவும் ராணி நாள்ல நடைபாதை எப்படி இருக்கும்? முந்தின நாளே சாக்பீஸால கோடு போட்டு இடம் பிடிச்சிருப்பாங்க. விடியறதுக்குள்ள பழைய பொம்மை, பழைய ஸ்கேட் எல்லாம் விரிச்சுக் கடை போட்டிருப்பாங்க. இங்க ஒரு கோடு இல்ல, ஒரு பொம்மை இல்ல. வெறும் தொட்டி. இது சாதாரண வேலை நாள். எல்லாரும் கொடியையே பார்த்தாங்க. தொட்டியை ஒருத்தரும் பார்க்கல."

"லாம்மர்ட் கூடவா?"

டெக்லா புகைப்படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"வேலை போனப்புறம் அவர் எங்க எழுதினார் தெரியுமா? வீட்டுக்கு வீடு இலவசமாப் போடற வட்டாரப் பத்திரிகையில. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை எந்தத் தொட்டின்னு வாராவாரம் எழுதினதே அவர்தான். அவருக்குத் தெரியாம இருக்குமா? நல்லாவே தெரியும். இருந்தும் வாயைத் திறக்கல. ஏன்னுதான் நேத்திலேர்ந்து யோசிக்கிறேன்."

படத்தில் இருந்த தெரு இருக்கும் வோர்பர்க் வந்தது. அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே அச்சு: செங்கல், வெள்ளை ஜன்னல், திரை விலக்கிய கண்ணாடிக்குப் பின்னால் இரண்டிரண்டு பூச்சாடி. ஒவ்வொரு வாசலிலும் கொடிக்கம்பு செருகும் இரும்புக் குழல். நடைபாதை ஓரம் சாம்பல் தொட்டிகள் நின்றன.

"இன்னைக்கும் புதன். இன்னைக்கும் ஏப்ரல் முப்பது," என்றான் யோரிட். "அன்னைக்குத் தப்பு பண்ணின ஆள் இன்னைக்கும் பண்ணுவார்னுதானே கூட்டிட்டு வந்தீங்க? கொடி ஒண்ணும் காணோமே."

"கொடியைத் தேடாதே. படத்துல தொட்டி, கதவு, மனுஷங்க எல்லாம் கத்தி மாதிரி தெளிவா இருக்கு. கொடியும் நாடாவும் மட்டும் கலங்கலா, பெருசா இருக்கு. ஏன்?"

"ரொம்பக் கிட்ட இருக்கறதால." சொல்லி முடித்ததும்தான் யோரிட்டுக்கு உறைத்தது. "அப்போ கொடி எதிர் வீட்டுது இல்ல. படம் எடுத்தவர் நின்ன வீட்டோட கொடி. மாடி ஜன்னல்ல நின்னு, தன் வீட்டுக் கொடிக்கு மேலேருந்து எடுத்திருக்கார்."

"அதனாலதான் லாம்மர்ட் பேசல. 'கொடி தப்பான நாள்ல ஏறிச்சு'ன்னு சொன்னா, 'எந்த வீட்டுக் கொடி?'ன்னு கேப்பாங்க. வீட்டைக் காட்டினா ஆளைக் காட்டின மாதிரி. படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற தேதியைக்கூட அவரே அழிச்சுட்டார். அதோட சேர்ந்து எந்தப் போன்ல எடுத்ததுன்னும் தெரிஞ்சுடும் இல்லையா? தேதியை மறைச்சுட்டான்னு பத்திரிகை அதையும் குத்தமா எழுதிக்கிச்சு."

படத்தில் உள்ள வாசலுக்கு நேர் எதிரே ஒரு வீடு. அதன் வாசலில், கம்பளிச் செருப்போடு ஒரு முதியவர் நின்றிருந்தார். நனைந்துகொண்டே வெறும் இரும்புக் குழலைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"கொடியைக் காணோம்," என்றார் அவர்களிடம், ஏதோ அவர்களுக்காகவே காத்திருந்தவர்போல. "ராணிக்குப் பிறந்தநாள். அலீடா எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டா."

உள்ளிருந்து ஒரு பெண்மணி வேகமாக வந்தார். எழுபது வயது இருக்கும். "உள்ள வா ஹார்மென். நனையறே பாரு." பிறகு இவர்களிடம், "மன்னிச்சுக்கோங்க. வருஷா வருஷம் இந்த நாள் வந்தா இப்படித்தான். கொடியைக் கொட்டகையில பூட்டி வெச்சுடுவேன்."

டெக்லா தன் பெயரைச் சொன்னார். "லாம்மர்ட் ஃபேன்ஸ்ட்ராவோட மகள் அனுப்பி வந்திருக்கோம்."

"வியாழக்கிழமை லாம்மர்ட்டா?" அலீடாவின் முகம் மலர்ந்தது. "அவருக்கு மகள் இருக்கறதே எனக்குத் தெரியாது. வாங்க, காபி குடிக்கலாம். நாளைக்கு அவர் வருவார்னு ஆப்பிள் கேக்கும்கூட வாங்கி வெச்சிருக்கேன்."

யோரிட் டெக்லாவைப் பார்த்தான். டெக்லா ஈரக் குடையைப் பார்த்தார். இந்த மாதிரி வேலையை எப்போதும் அவரேதான் செய்வார். செய்தார். இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

அலீடா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், சொன்னபடி காபி போட்டார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினார். வேறு நாளாக இருந்தால் மூடிய டப்பாவைப் பற்றி யோரிட் இரண்டு ஜோக்காவது அடித்திருப்பான்.

ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை. அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் அடுக்கிய, எதிராளியின் காயைத் தாண்டி வெட்டும் டாம் ஆட்டப் பலகை. ஹார்மென் அதன் முன் உட்கார்ந்து, எதிர் நாற்காலியை லேசாக இழுத்து வைத்தார்.

"எத்தனை வருஷமா வர்றார்?" என்று கேட்டார் டெக்லா.

"இவர் வேலையிலேர்ந்து நின்னதிலேர்ந்து. இவர் அமைச்சரோட காரை ஓட்டினவர். லாம்மர்ட்டை அந்தக் காலத்துல பாராளுமன்ற முற்றத்துலயே பழக்கம். ரெண்டு பேரும் மழையில நின்னு சிகரெட் புகைப்பாங்களாம். அவர் யாருன்னு எனக்குத் தெரியும். டிவியில முகம் வந்துதே, எங்க தெருவும்தான் வந்துது. பாவம், வேலை போன மனுஷன், இப்படி ஒரு நோயாளியோட வந்து உக்காந்து விளையாடறாரேன்னு நினைச்சுப்பேன்."

"ஜெயிப்பாரா?" என்று கேட்டான் யோரிட்.

"பாதி நாள் தோத்துப்போவார். வேணும்னேதான். இவரும் ஏமாத்தி ஆடுவார்." சிரிக்கப் பார்த்தார் அலீடா, வரவில்லை. "போறப்போ ஒரு கேள்வி மட்டும் கேப்பார். அது அவங்களுக்குள்ள ஏதோ விளையாட்டு. கோட்டை மாட்டிக்கிட்டு, இவர் தோள்ல கை வெச்சு, 'ஹார்மென், இப்போ சொல்லிடலாமா?'ன்னு கேப்பார். இவர் 'எதைச் சொல்லணும்?'னு கேப்பார். 'ஒண்ணுமில்ல, அடுத்த வாரம் பார்ப்போம்'னு லாம்மர்ட் போயிடுவார். ஒரு வியாழன்கூடத் தவறினதில்ல."

யோரிட்டின் கையில் பிஸ்கட் அப்படியே இருந்தது. பத்திரிகைத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பெயரைப் பூட்டி வைப்பது நிருபர், ஆனால் சாவி செய்தி தந்தவரிடம். அவர் 'சொல்லலாம்' என்றால்தான் வாயைத் திறக்கலாம். லாம்மர்ட் வாராவாரம் வந்து அந்தச் சாவியைக் கேட்டிருக்கிறார். சாவி வைத்திருந்தவருக்குப் பூட்டே மறந்துபோயிருந்தது.

"இவருக்கு எப்போ ஆரம்பிச்சுது?" என்றார் டெக்லா, குரலை மெல்ல வைத்துக்கொண்டு.

"அது நல்லா ஞாபகம் இருக்கு. டாக்டர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். முதல் ராஜா நாள் முடிஞ்ச அடுத்த வாரம். சாயங்காலம் வேலையிலேர்ந்து வர்றேன், தெருவுலயே எங்க வீட்டுல மட்டும் கொடி, ஆரஞ்சு நாடாவோட. ஏன்டா மானத்தை வாங்கறேன்னு கத்தினேன். இவர் திருதிருன்னு முழிச்சார். அன்னைக்குச் சிரிச்சுட்டேன். இப்போ நினைச்சா..."

டெக்லா எழுந்து நின்றார்.

யோரிட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்க வந்தது கையில் விழுந்துவிட்டது. நாள், கொடி, சாட்சி எல்லாம் இருக்கிறது. ஆனால் டெக்லா கைப்பையை மூடிக்கொண்டிருந்தார்.

"தப்பான வீட்டுக்கு வந்துட்டோம். காபிக்கு ரொம்ப நன்றி."

"சீஃப்..."

"வா யோரிட்."

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. லாம்மர்ட் இந்த அம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அவர் செத்த மூன்றாம் நாள், அவர் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று வந்து, அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியதை உடைக்க டெக்லாவுக்கு மனம் இல்லை.

"உக்காருங்க," என்றார் அலீடா. "அந்தப் படத்தைக் கொடுங்க."

டெக்லா அசையவில்லை. அலீடா கையை நீட்டியபடியே இருந்தார். கடைசியில் படம் கை மாறியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். மூலையில் கலங்கலாகத் தொங்கிய நாடாவைப் பார்த்தார். பிறகு மாடிப்படியை.

"அமைச்சர் இவரை, 'நீ வீட்டுக்குப் போய் காபி குடி, கூப்பிடறப்போ வா'ன்னு அனுப்பியிருப்பார். கார் இங்க நின்னா யாருக்கும் சந்தேகம் வராதே, ஓட்டுநர் வீடுதானே." தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். "இவர் பிறந்தது கடலோர ஜீலாந்துல. பெருவெள்ளத்துல அணை உடைஞ்சப்போ இவருக்கு ரெண்டு வயசு. அக்கா தண்ணியோட போயிட்டா. அணைன்னு சொன்னா இவருக்கு மூச்சே வேற மாதிரி ஆயிடும். எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துதோ என்னமோ. தெரிஞ்சுக்கப் பிடிக்கல."

"நான் சமையல்கட்டுலதான் இருந்தேன்," என்றார் அலீடா. "ஒவ்வொரு வியாழனும். நடுவுல ஒரு கதவு. என்னைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை. ஏன் கேக்கல?"

"கேட்டாலே சொன்ன மாதிரி ஆயிடும்," என்றார் டெக்லா. "உங்க முன்னாடி எதைன்னு விளக்கவும் முடியாது. அதான் 'சொல்லிடலாமா'ங்கறதோட நிறுத்திக்கிட்டார்."

அலீடா ஹார்மெனின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"ஹார்மென். லாம்மர்ட் கேக்கறார். சொல்லிடலாமா?"

"எதைச் சொல்லணும்?" காயை நகர்த்தியபடியே ஹார்மென் கேட்டார். வழக்கமான பதில். யோரிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ எடுத்த படத்தை. மாடியிலேர்ந்து. எதிர்வீட்டுல அமைச்சர் போனாரே. அணைக்குக் கல்லு போடற ஆள் வீடு."

ஹார்மெனின் விரல் காய்மேல் நின்றது. மழை கண்ணாடியில் வழிந்தது. அவர் நிமிர்ந்தபோது அந்த முகத்தில் வேறு யாரோ வந்து உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது யோரிட்டுக்கு.

"அந்தக் கல்லு நிக்காது," என்றார். "அடியில வெறும் மண்ணு. கார்ல அவங்களே பேசிச் சிரிச்சாங்க. சொல்லச் சொல்லு அலீடா. எல்லாத்தையும் எழுதச் சொல்லு. இத்தனை நாளா எதுக்குக் காத்துக்கிட்டிருக்கான்?"

அலீடா வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

டெக்லா வெளி அறைக்குப் போய் ஹில்காவை அழைத்தார். கதவு திறந்திருந்ததால் யோரிட்டுக்கு டெக்லாவின் பக்கம் மட்டும் கேட்டது. தொட்டி, கொடி, நாள், வீடு என்று ஒவ்வொன்றாக, பொறுமையாக விளக்கினார். பிறகு, "ஆமா, அவரே சொல்லிட்டார். இப்போதான். மூணு நாள் லேட்," என்றார்.

பத்திரிகை ஆசிரியரிடம் அலீடாவே பேசினார். பெயர், முகவரி, டாக்டரிடம் சொன்னது எல்லாம் சொன்னார். "என் பேரைப் போடுங்க. அவர் பேரையும் போடுங்க. தெருவுல பேசட்டும். முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன் பொண்டாட்டின்னு சொல்லட்டும், பரவாயில்ல. அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க." கேட்டுக்கொண்டிருந்துவிட்டு போனை வைத்தார். "எடுத்துடறாராம். புதுசா எழுதறாராம். மன்னிப்பும் கேக்கறாராம்." யாரிடம் கேட்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை.

"லாம்மர்ட் நாளைக்கு வருவான்ல?" என்றார் ஹார்மென். வந்து உட்கார்ந்தவர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

அலீடா கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் கொடியும் கம்பும் இருந்தன. மேஜைமேல் வைத்து, ஆரஞ்சு நாடாவின் முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி இழுப்பறையில் போட்டார். துக்கத்துக்கு ஏற்றும் கொடியில் அதைக் கட்டும் வழக்கம் இல்லை.

"வா ஹார்மென். ஏத்தலாம்."

முதியவரின் முகம் குழந்தைபோல் ஆனது. யோரிட் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். கம்பைக் குழலில் செருகினார்கள். கொடியை உச்சிக்குத் தள்ளப்போன கையை அலீடா பிடித்து, பாதிக் கம்பில் நிறுத்திக் கட்டினார். நனைந்த துணி கம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கியது.

மழைக்கோட்டு போட்ட ஒருவர் சைக்கிளில் போனவர், மிதிப்பதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"என்ன பெரியவரே, நாள் மறந்துபோச்சா? ராஜா நாள்தான் சனிக்கிழமையே முடிஞ்சுதே."

டெக்லா யோரிட்டைப் பார்த்தார். இந்த மாதிரிப் பந்து வந்தால் அவன் விடமாட்டான்.

"இல்லங்க," என்றான் யோரிட், ஸ்டூலை விடாமல். "இன்னைக்கு நாள் சரிதான்."